வீட்டுக் கணக்கு: பழைய ஏ.ஸி.யைத் தள்ளலாமா?

கிளியனூரிலிருந்து ஒரு சகோதரி எழுதுகிறார்: "திண்டிவனம் - புதுச்சேரி சாலையில் எங்கள் வீடு. படுக்கை அறை மொட்டை மாடிக்கு நேர் கீழே. சித்திரை பிறந்தால் நடு ராத்திரியிலும் சுவர் சுடும். பன்னிரண்டு வருஷத்து ஒன்றரை டன் ஏ.ஸி.யில் கம்ப்ரெஸர் போய்விட்டது. மாற்றப் பதினைந்தாயிரம் கேட்கிறார் மெக்கானிக். 'நாற்பதாயிரத்துக்குப் புதிதே வாங்குங்கள், கரண்ட் பில் மிச்சத்திலேயே விலை திரும்பிவிடும்' என்கிறார் கடைக்காரர். யார் பேச்சைக் கேட்பது?"

இருவரையும் திண்ணையில் உட்கார வைத்துவிட்டு, நாம் பென்ஸிலை எடுப்போம்.

பழைய இயந்திரம் மணிக்கு ஒன்றரை யூனிட்டும், புது இன்வர்ட்டர் ஒரு யூனிட்டும் இழுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இரவு எட்டு மணி நேரத்துக்கு நாலு யூனிட் மிச்சம். கோடை நாலு மாதத்துக்கு 480 யூனிட். யூனிட் ஏழு ரூபாய் என்று தாராளமாகப் போட்டாலும் வருஷத்துக்கு 3,360 ரூபாய்தான். நாற்பதாயிரம் திரும்பப் பன்னிரண்டு வருஷம் ஆகும்! அதற்குள் புதுசும் கிழடாகிவிடாதா? நன்றாக ஓடுகிற ஏ.ஸி.யைப் பில்லுக்குப் பயந்து தள்ளுவதில் லாபம் அதிகமில்லை.

ஒரு விதிவிலக்கு உண்டு. நம் மாநிலத்தில் இரண்டு மாத ரீடிங் 500 யூனிட்டைத் தாண்டினால், இலவசமான முதல் 100 போக, முந்தைய யூனிட்டுகளுக்கும் கட்டண விகிதம் ஏறிவிடுகிறது. உங்கள் வீட்டு மீட்டர் 550, 600 என்று அந்தக் கோட்டை ஒட்டியே நிற்குமானால், மிச்சமாகும் 240 யூனிட் நல்ல வித்தியாசம் காட்டும். பழைய பில்களை எடுத்துப் பாருங்கள்.

ஆனால் சகோதரியின் ஏ.ஸி. ஓடவில்லையே! பதினைந்தாயிரம் எப்படியும் போகத்தான் போகிறது. ஆகவே கேள்வி நாற்பதாயிரமல்ல, மீதி இருபத்தையாயிரம். அது ஏழெட்டு வருஷத்தில் திரும்பும். மேலும், அந்தக் காலத்துப் பெட்டிகள் பலவற்றில் இருப்பது ஆர்-22 வாயு. ஓசோன் படலத்தைக் கெடுப்பதால், 1987-இல் ஏற்பட்ட மான்ட்ரீல் உடன்படிக்கையின் கீழ் அதை உலகமெங்கும் படிப்படியாக விலக்கி வருகிறார்கள். அதற்குப் பதிலாகப் புது ஆர்-32 வாயுவைப் பழைய பெட்டியில் அடைக்க யாராவது முன்வந்தால், தயவுசெய்து கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள். அழுத்தம் அதிகம், தீப்பற்றும் குணமும் கொஞ்சம் உண்டு. என் ஓட்டு புதுசுக்கே.

2025 செப்டம்பர் 22 முதல் ஏ.ஸி. மீதான ஜி.எஸ்.டி. 28 சதவிகிதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. அந்த மிச்சத்தைச் சில்லறைச் செலவுகள் விழுங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். செப்புக் குழாய் அடிக்கு எவ்வளவு, ஸ்டாண்டுக்கு எவ்வளவு, சுவரில் துளை போட, வயர் மாற்ற, ஸ்டெபிலைசர் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, முன்பணம் கொடுக்கும் முன்பே காகிதத்தில் எழுதி வாங்குங்கள். மரக்காணம், புதுச்சேரி என்று கடலோரம் இருப்பவர்கள் வெளிப் பெட்டியின் காயில் செம்பா, அலுமினியமா, உப்புக் காற்றுக்குப் பூச்சு உண்டா என்றும் கேட்பது நல்லது.

நட்சத்திரத்தை மட்டும் எண்ணி மயங்காதீர்கள். அளவுகோலை அவ்வப்போது கடுமையாக்குகிறார்கள். பழைய ஐந்து இன்றைய ஐந்தல்ல. லேபிளில் வருஷத்துக்கு 1,600 மணி நேர ஓட்டத்துக்கு இத்தனை யூனிட் என்று போட்டிருக்கும். இரண்டு பெட்டிகளை ஒப்பிட அந்த எண்ணே போதும்.

பழைய பெட்டியைக் கழற்றும்போது பக்கத்தில் நில்லுங்கள். வாயுவைக் காற்றில் திறந்துவிடாமல் சிலிண்டரில் பிடிக்கச் சொல்லுங்கள். உள்ளே இருக்கும் செம்புக்கும் விலை உண்டு. எக்ஸ்சேஞ்ச் தொகையைப் பேசும்போது அதை நினைவுபடுத்தத் தயங்க வேண்டாம்.