முன் பிரேக்கின் பிடிவாதம்

தாளவாடி முட்டைக்கோஸை ஏற்றிக்கொண்டு, திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து பண்ணாரிக்கு இறங்கிக் கோயமுத்தூர் வரும் பழைய பிக்கப் வண்டிகளை நேயர்கள் பார்த்திருக்கலாம். சிலவற்றில் முன் பிரேக்கு அடிக்கடி மக்கர் செய்யும். பிரேக் பேடை மாற்றுவார்கள். மறுபடியும் அதே சக்கரம், அதே தகராறு. "பழைய வண்டி, அப்படித்தான்" என்று வயதின்மேல் பழியைப் போட்டுவிடுகிறோம். பாவம், வயது என்ன செய்யும்?

பிரேக்கை மிதித்தவுடன் பாரம் முன்புறம் சாய்வதால், பெரும் பங்கு வேலை முன்சக்கரங்களுக்கே. இறக்கத்தில் கேட்கவே வேண்டாம். டிஸ்க்கைக் கவ்வும் கேலிப்பர் தன் ஊசிகளின்மேல் தாராளமாக நகர வேண்டும். அவை துருவேறி இறுகினால், பெரும்பாலும் உட்புறப் பேடு மாத்திரம் தேய்ந்து தகடாகிவிடும். ரப்பர் ஹோஸின் உட்புறம் உப்பி அடைத்துக்கொண்டாலோ, காலை எடுத்த பிறகும் பிடி தளராது. சக்கரம் கொதிக்கும், வண்டி அந்தப் பக்கமே இழுக்கும். வெளிப்பார்வைக்கு ஹோஸ் புதிதுபோலவே இருக்கும் என்பதுதான் விபரீதம்.

பிரேக் ஆயிலோ காற்றின் ஈரத்தை உறிஞ்சும் சுபாவமுள்ளது. டாட் 3 வகை புதிதாயிருக்கையில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்கலாகாது என்பது விதி, 3.7 சதவீதம் நீர் சேர்ந்தபின் அதே விதி 140 டிகிரியோடு திருப்தியடைகிறது. சக்கரத்தின் சூட்டில் அது ஆவியானால், மிதி வெறுமனே தரையைத் தொடும். (திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும், பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த பௌதிகம்.)

ஆகையால் பட்டறையில் பேடோடு நில்லாமல், ஊசிகளைக் கழற்றித் துடைத்து உரிய கிரீஸ் இடச் சொல்லுங்கள். இருபுற ஹோஸ்களையும் ஆயிலையும் மாற்றச் சொல்லுங்கள். மலையில் ஏறிய கியரிலேயே இறங்கட்டும். செலவைக் கண்டு வண்டி முதலாளி முகம் சுளித்தால், டிரைவருக்குப் பக்கத்தில் அமர்ந்து அவரே ஒரு நடை இறங்கிப் பார்க்கலாம்.