ஆப்பில் போட்டாச்சு... அனுமதி வாங்கியாச்சா?

ஓ.எம்.ஆரில் லோன் போட்டு வாங்கிய இரண்டாவது ஃபிளாட். மாத வாடகைக்கு விட்டால் இஎம்ஐயில் பாதிகூடத் தேறாது. ஏர்பிஎன்பி மாதிரி ஆப்பில் நாள் வாடகைக்கு விட்டால்? வார இறுதிகளிலேயே தேறிடும். ஐடி வேலையில் இருக்கும் பலர் போடும் கணக்கு இது. கணக்கில் தப்பில்லை. நாலு போட்டோ ஏற்றி, முதல் புக்கிங் வந்ததும் 'எல்லாம் சட்டப்படிதான் நடக்குது' என்று நம்புவதில்தான் சிக்கல். ஆப் தருவது விளம்பரம், அனுமதி அல்ல.

'ஹோம்ஸ்டே' என்ற சொல்லையே எடுத்துக்கலாம். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் திட்டப்படி 1 முதல் 6 அறைகள், அதிகபட்சம் 12 படுக்கைகள் இருக்கலாம். முக்கியமான நிபந்தனை, உரிமையாளர் அதே வீட்டில் வசிக்கணும். சாவியை லாக் பாக்ஸில் வைத்துவிட்டு ஓனர் பெங்களூரில் உட்கார்ந்திருக்கும் ஃபிளாட் இதில் வராது. பெயர் என்ன வைத்தாலும் அது நடைமுறையில் லாட்ஜ்தான். லாட்ஜுக்குத் தீயணைப்பு வழி, உள்ளாட்சி உரிமம் எல்லாம் கேட்கும்போது, எட்டாவது மாடி ஃபிளாட்டுக்கு மட்டும் எதுவும் வேண்டாம் என்பது என்ன நியாயம்?

அடுத்தது, தங்க வருபவர் யார் என்பது. வெளிநாட்டு பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தங்கினால், 24 மணி நேரத்துக்குள் குடிவரவுத் துறைக்கு ஆன்லைனில் தெரிவிக்கணும். 'சி ஃபார்ம்' என்ற பெயரில் ஹோட்டல்காரர்களுக்கு ரொம்ப காலமாகப் பழகிய வேலை. 2025 செப்டம்பர் 1 முதல் அமலில் இருக்கும் குடிவரவு, வெளிநாட்டினர் சட்டத்திலும் இந்தக் கடமை தொடருது. கனடாவிலிருந்து வருபவர் நல்ல யாழ்ப்பாணத் தமிழ் பேசலாம். பார்க்க வேண்டியது பாஸ்போர்ட்டை. உள்நாட்டு விருந்தினரிடம் ஆதார் நகலை வாட்ஸ்அப்பில் வாங்கி கேலரியில் குவித்து வைப்பதும் ஆபத்துதான். கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதார் எதுக்கு இருக்கு?

வரி விஷயத்தில் பயம் தேவையில்லை. நாளொன்றுக்கு ₹7,500 வரையிலான அறைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 5%. ஓனரின் ஆண்டு விற்றுமுதல் ₹20 லட்சத்துக்குள் இருந்து, பதிவு தேவைப்படாதவர் என்றால், ஆப் நிறுவனமே அந்த வரியைக் கட்டணும். வருமான வரி தனி. அதை ஓனர்தான் கணக்கில் காட்டணும்.

வாடகைக்கு எடுத்த வீட்டையே ஆப்பில் போடுபவர்களும் இருக்காங்க. வீட்டு உரிமையாளரின் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் உள்வாடகைக்கு விடுவதை 2017ஆம் ஆண்டு தமிழக வாடகைச் சட்டம் அனுமதிப்பதில்லை.

இதெல்லாம் வெறும் காகித வேலை என்று தோணலாம். 2021 ஜனவரியில் மசினகுடியில் காட்டு யானை மீது எரியும் டயர் வீசப்பட்டு, அந்த யானை இறந்தது. சம்பவம் நடந்த விடுதி உரிய அனுமதி இல்லாதது என்று அதற்குப் பிறகுதான் சீல் வைத்தார்கள். யானை செத்த பிறகு உரிமம் தேடுவது நிர்வாகம் இல்லை.

நியூயார்க் 2023 செப்டம்பரில் கடிவாளத்தை இறுக்கியது. 30 நாளுக்குக் குறைவாகத் தங்கினால் ஓனரும் வீட்டில் இருக்கணும், விருந்தினர் இரண்டு பேருக்கு மேல் கூடாது, பதிவு கட்டாயம். நம் ஊருக்கு இது ரொம்ப ஓவர். ஜப்பான் 2018இல் கொண்டுவந்த சட்டம் பொருந்தும்: பதிவு எண் இல்லாத வீட்டை ஆப்பில் காட்டக் கூடாது, ஆண்டுக்கு 180 நாள் வரைதான் விடலாம். கொடைக்கானலில் இரண்டு அறையை விட்டுக் குடும்பம் நடத்துபவரை ஐந்து அலுவலகத்துக்கு அலையவிடாமல், ஒரே இடத்தில் ஒரே எண் கொடுத்துவிட்டு, அந்த எண்ணைச் சரிபார்க்கும் பொறுப்பை ஆப் நிறுவனங்கள் தலையில் கட்டணும். கமிஷன் வாங்குபவர்கள்தானே!

அதுவரை ஃபிளாட் வைத்திருப்பவர்கள் முதலில் புரட்ட வேண்டியது அபார்ட்மென்ட் சங்கத்தின் பை-லாவை. நாள் வாடகைக்குத் தடை இருக்கா என்று லிஸ்டிங் போடுவதற்கு முன்பே பார்த்துவிடலாம். ராத்திரி 12 மணிக்கு டிராலி பையை உருட்டிக்கொண்டு வரும் புது முகங்களைப் பார்த்துப் பார்த்து, பக்கத்து வீட்டுக்காரர் ஏற்கெனவே அதைப் படித்து முடித்திருப்பார்.