மாமியார் வைத்த சொம்பு

அமெரிக்காவில் ஒரு வீடு ஒழுகியது. வீடென்றால் அஸ்திவாரம் தோண்டிக் கட்டிய வீடல்ல. நான்கு சக்கரங்களின் மேல் நிற்கிற வீடு. ஒழுகிய இடத்துக்கு நேர் கீழே படுத்துக் கொண்டிருந்தவர் என் அக்காவின் மாமியார். இவ்வளவு சொன்ன பிறகு பக்கத்தைத் திருப்பி விட உங்களுக்கு மனம் வருமா, என்ன?

2023 ஜூன் மாதம் மிச்சிகன் மாகாணத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். மன்னார்குடியிலிருந்து அவள் மாமியாரும் வந்திருந்தார். மாமிக்கு எழுபத்து நாலு வயது. வாழ்க்கையில் ஒரே ஓர் ஆசை பாக்கி: நயாகரா நீர்வீழ்ச்சியைப் பார்த்துவிட வேண்டும். ஆனால் மாமி வெளியிடத்தில் ஒரு வாய் காபி கூடச் சாப்பிட மாட்டார். ஓட்டல் என்றால் வாசற்படியோடு சரி. பசியோடு நயாகராவைப் பார்த்து என்ன சுகம்?

இந்தச் சிக்கலுக்கு அத்திம்பேர் கண்டுபிடித்த வழிதான் அந்தச் சக்கர வீடு. சமையலறை, குளிர்பெட்டி, குளியலறை, கட்டில் எல்லாம் உள்ளே உண்டு. காருக்குப் பின்னால் கொக்கி போட்டு இழுத்துக் கொண்டு போகலாம். போகிற இடமெல்லாம் சொந்த அடுப்பு, சொந்த ரசம்! இருபத்தெட்டு அடி நீளம், எட்டு அடி அகலம், வயது பதினாலு. யாரோ உபயோகித்ததைப் பதினோராயிரம் டாலர் கொடுத்து வாங்கினார். அத்தனையும் இரண்டு பேரும் சேர்த்து வைத்த பணம்.

அமெரிக்கர்களுக்கு இது புதிய மோகம் அல்ல. 1910-லேயே நியூயார்க் மோட்டார் கண்காட்சியில், படுக்கையாக மாறும் ஆசனமும் கைகழுவும் தொட்டியும் வைத்த பியர்ஸ் ஆரோ வண்டி ஒன்றைக் காட்டினார்களாம். இன்று இண்டியானா மாகாணத்து எல்கார்ட் என்கிற ஊரும் சுற்று வட்டாரமும் இந்தத் தொழிலை நம்பியே வாழ்கின்றன. இவற்றுக்கென்று ஒரு பொருட்காட்சி சாலையே அந்த ஊரில் இருக்கிறது.

சரி, சொம்புக்கு வருவோம்.

பிரயாணத்துக்கு முன்னால் ஒத்திகை பார்க்க வேண்டும் என்று ஓர் இரவு மாமி அந்த வண்டியில் படுத்தார். நடு ராத்திரி நல்ல மழை. காலையில் காபியோடு போன அக்கா, கட்டிலின் தலைமாட்டில் ஒரு சொம்பைப் பார்த்தாள். அதில் முக்கால் சொம்பு தண்ணீர், பழுப்பு நிறத்தில்.

"அம்மா, இதென்ன?"

"ஒன்றுமில்லை. ராத்திரி சொட்டுச் சொட்டாக விழுந்தது. சொம்பை வைத்துவிட்டு இந்தப் பக்கம் நகர்ந்து படுத்துக் கொண்டேன்."

"எங்களை எழுப்பக் கூடாதா?"

"அவன் ஆசை ஆசையாக வாங்கியிருக்கிறான். ஒழுகுகிறது என்று எப்படிச் சொல்வது?"

அக்கா விடுவிடென்று வீட்டுக்குள் வந்தாள். "ஏன்னா! கூரை ஒழுகறது உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

அத்திம்பேர் பேப்பரைத் தாழ்த்தவில்லை. அதிலிருந்தே தெரிந்துவிட்டது. வாங்கின இரண்டாவது வாரமே கூரையில் விரிசலைப் பார்த்திருக்கிறார். கடையில் கண்ணாடி ஜன்னலுக்குப் பூசுகிற சிலிக்கோன் பசையை ஒரு குழாய் வாங்கி, ஒருவரிடமும் சொல்லாமல், அதன் மேலேயே தடவி வைத்திருக்கிறார். அம்மாவுக்குப் பிள்ளை மனம் நோகக் கூடாது. பிள்ளைக்குப் பெண்டாட்டியிடம் பேச்சு வாங்கக் கூடாது. இருவரும் மறைத்ததைச் சொம்பு சொல்லிவிட்டது.

பழுது பார்க்கும் கடைக்காரர் ஒருவர் வந்து பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். "புதுக் கூரை போட்டு விடுவது நல்லது. ஒன்பதாயிரம் டாலர் ஆகும்" என்றார். பதினோராயிரம் ரூபாய்ச் சேலைக்கு ஒன்பதாயிரம் ரூபாயில் பார்டர் வைத்துத் தைப்பது போல! ஜூலை முதல் வாரத்தில் நயாகராவில் வண்டி நிறுத்த இடம் பதிவாகியிருந்தது. வண்டியை விற்று விடலாம் என்றார் அத்திம்பேர். ஒழுகுகிற வண்டியை யார் வாங்குவார்கள்? மாமி, "நயாகரா எங்கே ஓடிப் போகிறது? அடுத்த தடவை பார்த்துக் கொள்கிறேன்" என்றார். எழுபத்து நாலு வயதில் அடுத்த தடவை என்று ஒருவர் சொன்னால், கேட்பவர்களுக்கு எப்படி இருக்கும்?

அக்கா ஒன்றும் பேசவில்லை. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகுவதற்குப் பதிலாக அத்திம்பேரின் பழைய கால்சராய் ஒன்றை மாட்டிக் கொண்டு ஏணி ஏறினாள்.

அக்கா கல்லூரியில் ரசாயனம் படித்தவள். ஏறினதும் முதற் காரியமாக, கூரையை விரலால் தேய்த்துப் பார்த்தாள். விரலில் சாக்பீஸ் போல வெள்ளைத் தூள் ஒட்டியது. "ரப்பர் கூரைதான்" என்றாள். இந்த ரப்பர் நம் ஊர் ரப்பர் மரத்துப் பால் அல்ல. பெட்ரோலியத்திலிருந்து கிடைக்கும் வாயுக்களைக் கொண்டு தொழிற்சாலையில் செய்வது. ஈ.பி.டி.எம். என்று பெயர். 1960-களில் விற்பனைக்கு வந்தது. மோட்டார் கதவைச் சுற்றிக் கறுப்பாக ஒரு ரப்பர் ஓரம் இருக்கிறதே, அதுவும் பெரும்பாலும் இதே ஜாதிதான். வெயிலையும் குளிரையும் நன்றாகத் தாங்கும். வண்டிக் கூரைக்கு இதை மெல்லிய விரிப்பாகச் செய்து, மரப்பலகையின் மேல் பசை போட்டு ஒட்டி விடுகிறார்கள். மேல்பக்கம் வெள்ளை, அடிப்பக்கம் கறுப்பு. வருஷக் கணக்காக வெயில் பட்டு, மேல் வெள்ளை கொஞ்சம் கொஞ்சமாகத் தூளாகி மழையில் கரைந்து வழியும். வண்டியின் பக்கங்களில் வெள்ளைக் கோடுகள் தெரிவது அதனால்தான். கறுப்பு எட்டிப் பார்த்தால், புதுப்பூச்சுக்கு நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

ஆனால் தண்ணீர் இறங்குவது பெரும்பாலும் நடுக் கூரையில் அல்ல. காற்றுப் போக்கி, கண்ணாடிக் கூண்டு, குழாய் என்று கூரையில் எங்கெல்லாம் ஓட்டை போட்டிருக்கிறார்களோ, அங்கேதான். அந்த ஓரங்களில் ஒரு பசையை ஊற்றியிருப்பார்கள். அது காய்ந்து வெடித்தால், தலைமுடி அளவு இடைவெளி போதும், தண்ணீர் உள்ளே போய்விடும். போன இடத்திலேயே சொட்டவும் செய்யாது. பலகையோடு ஓடி, வேறெங்கோ விழும். மாமியின் தலைமாட்டில் சொட்டிய தண்ணீர் ஆறடி தள்ளிக் குளியலறைக் காற்றுப் போக்கியின் ஓரத்தில் இறங்கியிருந்தது. சைக்கிள் கடையில் ட்யூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்ப்பார்களே, அது மாதிரி வண்டிக்குள் காற்றை அடைத்து, கூரையில் சோப்புத் தண்ணீர் தெளித்துக் குமிழி பார்க்கிற முறையும் உண்டாம். அக்காவுக்கு அது தேவைப்படவில்லை. காற்றுப் போக்கிக்குப் பக்கத்தில் முழங்காலை ஊன்றினாள்; பலகை அல்வா மாதிரி அமுங்கியது.

எங்கள் எல்லோருக்கும் வயிற்றைக் கலக்கியது அந்த நிமிஷம்தான். பலகை முழுவதும் அழுகியிருந்தால் கடைக்காரர் சொன்ன ஒன்பதாயிரம் நிஜமாகி விடும். காற்றுப் போக்கியைக் கழற்றி, ரப்பரை ஓரத்தில் கீறி, மெல்ல உரித்துப் பார்த்தாள் அக்கா. அழுகியிருந்தது ஒரு தாம்பாளத்தின் அளவுக்குத்தான். அதைச் சுற்றித் தட்டத் தட்ட, 'டொக் டொக்' என்று கெட்டியான சத்தம். அத்திம்பேர் நீளமாக மூச்சு விட்டார்.

கெட்டுப் போன பலகையை வெட்டி எடுத்தார்கள். மின்விசிறியை வைத்து இரண்டு நாள் உலர்த்தினார்கள். ஈரத்தின் மேல் மூடினால், வெளித் தண்ணீர் வராமல் உள் தண்ணீரே அழுக அடித்து விடும் அல்லவா? பிறகு புதுப் பலகையைப் பொருத்தி, ரப்பரைத் திரும்ப ஒட்டி, கீறின இடத்தில் அகலமான ஒட்டு நாடாவைப் போட்டு அழுத்தினார்கள். இந்த நாடா ஒரு முறை ஒட்டினால் ஒட்டினதுதான். கோணலாகி விட்டதே என்று பிடுங்கினால் ரப்பரும் கூட வரும்.

அடுத்தது சுத்தம் செய்வது. இங்கே ஒரு முக்கியமான விஷயம். ரப்பர் கூரைக்கு எண்ணெய் ஜென்ம விரோதி. மண்ணெண்ணெய், பெட்ரோல், டர்பென்டைன், எலுமிச்சை எண்ணெய் கலந்த திரவங்கள் இவையெல்லாம் பட்டால் அது ஊறி உப்பிவிடும். சாதாரண சோப்பும் தண்ணீரும் போதும். ஆனால் சோப்பு பட்ட ரப்பர் வாழைப்பழத்தோலைவிட வழுக்கும். அதனால் அக்கா நிற்கவே இல்லை. ஒரு பலகையைப் போட்டு, அதன் மேல் மண்டியிட்டே வேலை செய்தாள்.

பழைய பசையில் கெட்டியாக ஒட்டிக் கொண்டிருந்ததை அப்படியே விட்டு, வெடித்ததை மட்டும் மழுங்கலான தகடால் சுரண்டி எடுத்தாள். கத்தியின் கூர் பட்டால் ஒழுகாத இடமும் ஒழுக ஆரம்பித்துவிடும். ஆனால் அத்திம்பேர் தடவிய சிலிக்கோனைத் துளி மிச்சமில்லாமல் எடுக்க வேண்டியிருந்தது. சிலிக்கோனின் மேல் வேறெந்தப் பசையும் பிடிக்காது. தடவினது கால் மணி நேரம். சுரண்டி எடுத்தது ஒரு பகல் முழுவதும். சுரண்டினவர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அக்கா கீழே நிழலில் உட்கார்ந்து மோர் சாப்பிட்டுக் கொண்டிருந்தாள்.

புதுப் பசையில் இரண்டு ரகம். ஒன்று தோசை மாவுப் பதம்; ஊற்றினால் தானே பரவிச் சமமாகும். கூரையின் மட்டமான பகுதிக்கு அது. இன்னொன்று அடை மாவுப் பதம். வைத்த இடத்தில் நிற்கும். சரிவான ஓரங்களுக்கு அது. ஒவ்வொரு திருகாணியின் தலையும் மூடும்படி ஊற்ற வேண்டும். காற்றுப் போக்கியின் விளிம்புக்கு அடியில் மெழுகு போன்ற ஒட்டு நாடாவைச் சுற்றி வைத்துத் திருகி இறுக்கிய பிறகே, மேலே இந்தப் பசை.

பசை நன்றாக இறுகின பின் வெள்ளைப் பூச்சு. டப்பாவில், ஒரு காலன் 125 சதுர அடிக்கு வரும் என்று எழுதியிருந்தது. கூரையோ 224 சதுர அடி. இரண்டு பூச்சுக்கு 448. நாலு காலன் வாங்கினார்கள். அதற்கு முன், பூச்சு ரப்பரைப் பிடித்துக் கொள்வதற்கென்று ஓர் அடிப்பூச்சு. மழை வராத நாட்களாகப் பார்த்து, காலைப் பனி உலர்ந்த பிறகு தொடங்கி, மாலைப் பனி இறங்குவதற்குள் ஒரு பூச்சை முடித்தார்கள். மறுநாள் குறுக்கு வாட்டில் இரண்டாவது பூச்சு. கூடம் மெழுகத் தெரிந்தவர்களுக்கு இதில் கற்றுக் கொடுக்க ஒன்றுமில்லை: தூர மூலையில் ஆரம்பித்து, ஏணி இருக்கிற பக்கம் வந்து முடிக்க வேண்டும். இல்லாவிட்டால் பூச்சு காய்கிற வரையில் கூரை மேலேயே தவம் இருக்க வேண்டியதுதான்!

பூச்சு பூசினால் எல்லாம் தீர்ந்தது என்று நினைத்துவிடக் கூடாது. அது வெயிலுக்குக் குடை, அவ்வளவுதான். அழுகிய பலகையை அது கெட்டிப்படுத்தாது. வெடித்த பசையின் மேல் பூசினால் அதுவும் சேர்ந்து வெடிக்கும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஏறி, ஓரங்களைப் பார்க்க வேண்டும். அக்கா நாட்காட்டியில் சிவப்பு மையால் வட்டம் போட்டாள். அதற்குப் பக்கத்தில் அத்திம்பேரின் பெயரையும் எழுதினாள்.

செலவு எவ்வளவு தெரியுமா? எல்லாச் சாமான்களும் சேர்த்து ஆயிரம் டாலரைத் தொடவில்லை. உடம்பு வலி தனிக் கணக்கு.

ஜூன் கடைசியில் ஒரு ராத்திரி மழை கொட்டியது. மாமி, "நான் அங்கேதான் படுப்பேன்" என்று பிடிவாதமாக வண்டிக்குள் போய்ப் படுத்தார். எங்களுக்குத் தூக்கம் ஏது? விடிந்ததும் மூன்று பேரும் ஓடினோம். தலைமாட்டில் அதே சொம்பு! அத்திம்பேரின் முகம் வெளுத்துவிட்டது.

அக்கா சொம்பைக் கவிழ்த்தாள். ஒரு சொட்டு விழவில்லை.

"பின்னே எதற்கம்மா வைத்தீர்கள்?"

"ஒழுகினால் இந்தத் தடவை சொல்லிவிடலாம் என்றுதான்" என்றார் மாமி.

நயாகராவை மாமி பார்த்தார். சாரல் முகத்தில் அடிக்க வெகு நேரம் கைகூப்பி நின்றார். திரும்பி வண்டிக்குள் வந்து மிளகு ரசம் வைத்து எல்லோருக்கும் பரிமாறினார். "எவ்வளவு தண்ணீர்! நல்ல வேளை, எல்லாம் வெளியிலேயே கொட்டுகிறது" என்றார். அத்திம்பேர் சிரித்த சிரிப்பில் புரை ஏறிவிட்டது.

சகோதரிகளே, உங்கள் வீட்டில் எந்த மூலையிலாவது யாராவது ஒரு சொம்பை வைத்திருக்கிறார்களா? கொஞ்சம் பாருங்கள். கோபித்துக் கொள்ளாமல் கேளுங்கள். சொம்பு நிறைவதற்குள் தெரிந்துவிட்டால், பலகை பிழைத்துவிடும்.