அந்தச் சிலர் யார்?

போரை முடிக்க அணுகுண்டு தேவைப்பட்டது என்று இன்றும் வாதாடுகிறார்கள். குண்டு போடாமலேயே 1945 முடிவதற்குள் ஜப்பான் சரணடைந்திருக்கும் என்று 1946இல் அமெரிக்க அரசின் குண்டுவீச்சு ஆய்வறிக்கையே சொல்லிவிட்டது.

சீனாவிலும் கொரியாவிலும் ஜப்பானியப் பேரரசு செய்த கொடுமைகளை நாம் மறக்கவில்லை. ஆனால் குண்டு விழுந்தது பேரரசர் தலையிலா? ஹிரோஷிமாவில் செத்தவர்களில் கட்டாய வேலைக்கு இழுத்துவரப்பட்ட கொரியர்களும் உண்டு. நாகசாகியின் உரகாமியில், பிறப்பால் இழிவுபடுத்தப்பட்ட புராக்கு மக்களின் குடியிருப்பும் அழிந்தது.

கொரியர்களுக்கு 1970இல் எழுப்பிய நினைவுச்சின்னம் ஹிரோஷிமா அமைதிப் பூங்காவுக்குள் வர 1999 ஆனது. செத்த பிறகும் ஊருக்கு வெளியேதான். இது நமக்குத் தெரியாத கதையா?

தோழர்களே, "பலரைக் காக்கச் சிலரைக் கொன்றோம்" என்று எவர் சொன்னாலும் முதலில் கேளுங்கள்: அந்தச் சிலர் யார்? அவர்களைக் கேட்டா முடிவெடுத்தீர்கள்?