ஒன்பதா, நூற்று அறுபத்திரண்டா?

என் மாமியாருக்குப் பத்து வருடமாகச் சர்க்கரை வியாதி. சிங்கப்பூரில் இருக்கும் நாத்தனார் வீட்டில் இரண்டு மாதம் தங்கிவிட்டு வந்தவர், வந்ததும் வராததுமாக, "பாரும்மா, இங்கே வெறும் வயித்துல 162 இருந்த சுகர், அங்கே ஒன்பதுக்கு இறங்கிடுச்சு. இனிமே எனக்கு எதுக்கு மாத்திரை?" என்று மாத்திரை டப்பாவை ஓரங்கட்டி விட்டார்.

எனக்குத் திக்கென்றது. லேப்பில் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு ஓடினேன். "அக்கா, நம்ம ஊர்ல மில்லிகிராம் கணக்கு, அங்கே மில்லிமோல் கணக்கு. ஒன்பதைப் பதினெட்டால பெருக்குங்க" என்றாள். பெருக்கினால் அதே 162! எட்டு கிராம் சங்கிலியை எட்டுப் பவுன் என்று நினைத்த கதைதான்.

வெளிநாடு கிடக்கட்டும். உள்ளூரில் ஒரு லேப்பில் முந்தின நாள் எடுத்த ரிப்போர்ட்டைக் கொண்டு போனால், "எங்க கம்ப்யூட்டர்ல ஏறாது, இங்கேயே எடுத்துடுங்க" என்கிறார்கள். மறுபடி ஊசி, மறுபடி செலவு.

இப்போது பல லேப்கள் ரிப்போர்ட்டை 'கிளவுட்' என்று எங்கோ இருக்கும் கம்ப்யூட்டரில் சேமிக்கின்றன. ஆனால் ஒன்று பேசுவது இன்னொன்றுக்குப் புரிவதில்லை. இதற்கு வழி இல்லாமல் இல்லை. ஒவ்வொரு பரிசோதனைக்கும் உலகம் முழுக்க ஒரே குறியீட்டு எண் தரும் 'லாயின்க்' முறை 1994-லேயே அமெரிக்காவில் தொடங்கியது. முடிவையும் அதன் அளவையும் சேர்த்து அனுப்ப 'ஃபயர்' என்ற பொது வடிவமும் இருக்கிறது. நம் அரசும் 2021 செப்டம்பரில் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்தை நாடு முழுக்கத் தொடங்கி, 'ஆபா' என்ற 14 இலக்க எண்ணைத் தருகிறது. நாம் சம்மதித்தால் நம் ரிப்போர்ட்டை வேறு டாக்டரும் பார்க்கலாம்.

ஆனால் நம்மிடம் எண் இருந்து என்ன? லேப்காரர்கள் வெறும் படமாக அனுப்பாமல், இந்தப் பொது முறையில் அனுப்பினால்தானே பிரயோஜனம்! பெரிய லேப், சின்ன லேப் என்று பார்க்காமல் அரசு இதைக் கட்டாயமாக்க வேண்டும்.

அதுவரை நாம்தான் உஷாராக இருக்க வேண்டும், தோழிகளே! ரிப்போர்ட்டில் எண்ணை மட்டும் பார்க்காமல், பக்கத்தில் இருக்கும் அளவையும் பாருங்கள். பழைய ரிப்போர்ட்டுகளைத் தேதிவாரியாக ஃபைலில் போட்டு வையுங்கள். டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை மட்டும் நிறுத்தாதீர்கள்.

மாமியார் இப்போது ஒழுங்காக மாத்திரை சாப்பிடுகிறார். டப்பா என் கண் பார்வையில்!

— ஓர் இல்லத்தரசி, கும்பகோணம்.