வயலில் எரிவது யாருடைய செல்வம்?

2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடுத்த அரசாங்கம், நவம்பரில் அத்தடையைத் தானே நீக்கிற்று. இடையில் எமது கமக்காரர் இழந்த விளைச்சலுக்குப் பொறுப்பாளி யார்? சேதனப் பசளையே வேண்டுமென்று முழங்கியவர்கள் அதனைச் சீனத்திலிருந்து கப்பலில் வரவழைத்தனர். கிருமி உண்டெனச் சரக்கு மறுக்கப்பட்டது. ஆயினும் 2022 ஜனவரியில் அரச வங்கி 60 இலட்சம் டொலருக்கு மேல் செலுத்திற்று!

பசளைக்குக் கடல் கடந்தோர் எமது வயல்களைப் பார்த்தனரா? நெற்பயிர் மண்ணிலிருந்து எடுக்கும் பொற்றாசியத்தின் பெரும்பங்கு வைக்கோலிலேயே தங்குகிறது. அதனை எரித்தால் நைதரசன் புகையாய்ப் போகிறது. தீ வைக்கும் கமக்காரனை நாம் குறைகூறோம்; அறுவடை இயந்திரம் சிதறிச் செல்லும் வைக்கோலை வாரிச் சேர்க்க அவனிடம் கூலிப்பணம் ஏது? நெல்லின் நிறையில் ஏறத்தாழ ஐந்திலொன்று உமி. ஆலைகளில் அது மலையாய்க் குவிகிறது. காற்றைக் குறைத்துச் சுட்டால் மண்ணுக்கேற்ற உமிக்கரி. முறையாக எரித்தால் சீமெந்துடன் சேர்க்கத்தக்க சிலிக்காச் சாம்பல்.

தும்புச்சோறும் ஒருகாலத்தில் குப்பையே. அதனை அமுக்கிக் கட்டிகளாக்கி இந்நாடு அந்நியச் செலாவணி ஈட்டுகிறது. தென்னைக்குக் கிட்டிய கவனிப்பு எமது நெல்லுக்கு ஏன் கிட்டவில்லை?

1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தம் விவசாயத்தை மாகாண சபைகளின் நிரலிற் சேர்த்தது. கிழக்குச் சபையின் காலம் 2017இலும் வடக்கினது 2018இலும் முடிந்தன; பின்னர் ஆண்டுக்கணக்கில் தேர்தலின்றி ஆளுநர்களே ஆண்டனர். வைக்கோலையும் உமியையும் பயன்படுத்தும் நிலையங்களைக் கமக்காரரின் கூட்டுறவுச் சங்கங்களிடம் ஒப்படைக்கும் அதிகாரத்தை, மக்கள் தெரிந்த சபைகளிடமே கேட்கிறோம். பணமில்லையென்று கொழும்பு கூற வேண்டாம். அந்தக் கப்பலுக்கு இருந்தது.