நாபோத்தின் நிலமும் காரணை நிலமும்

ரோமர் 13-ஐக் காட்டி, அரசுக்கு அடங்கி நடப்பதே கிறிஸ்தவரின் கடமை என்று நம் சபைகளில் போதிக்கிறார்கள். அதே வேதாகமத்தில்தான் நாபோத்தும் இருக்கிறான். முன்னோர் நிலத்தை ஆகாப் ராஜாவுக்குத் தர மறுத்தவன். பொய்ச்சாட்சி வைத்து அவனைக் கொன்றார்கள். எலியா தீர்க்கதரிசி ராஜாவின் முகத்துக்கு நேரே நியாயம் கேட்டார். இதைச் சேரிச் சபைகளில் ஏன் பேசுவதில்லை?

செங்கல்பட்டுக்கு இது பழைய கதை அல்ல. ஸ்காட்லாந்து மிஷனரி ஆடம் ஆண்ட்ரூ நம் மக்களுக்கு நிலம் வேண்டுமென்று அரசிடம் வாதாடினார். கலெக்டர் டிரெமென்கீர் 1891-ல் அறிக்கை கொடுத்தார். 1892 அரசாணையால் பஞ்சமி நிலம் கிடைத்தது. பத்தாண்டுகள் விற்கக் கூடாது, பிறகும் ஒடுக்கப்பட்டோருக்கு மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை. அப்படியும் நிலங்கள் கைமாறின.

மாமல்லபுரம் அருகே காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்க மக்கள் அம்பேத்கர் சிலை வைத்தார்கள். காவல்துறை அதை அகற்றியது. நியாயம் கேட்டு 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் திரண்டவர்களைச் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிரிழந்தார்கள்.

தோட்டா மதம் பார்க்கவில்லை. 1950 குடியரசுத் தலைவர் ஆணைதான் மதம் பார்த்து, கிறிஸ்தவரான தலித்தைப் பட்டியலுக்கு வெளியே நிறுத்துகிறது.

நாம் எந்தச் சட்டத்தையும் மீறவில்லை. அரசு போட்ட ஆணையை அரசே காப்பாற்றட்டும் என்கிறோம். இது கலகமா?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மனை விலை ஏற ஏற, பஞ்சமி நிலத்துக்கு ஆபத்தும் ஏறுகிறது. ஆயர்களே, எங்களுக்காக ஜெபிப்பதோடு நிறுத்தாதீர்கள். நில ஆவணங்களைக் கேட்டு எங்களோடு வட்டாட்சியர் அலுவலகத்துக்கு வாருங்கள்.